ஸ்லோ குக்கரில் இத்தாலிய மீட்பால் சூப்

ஸ்லோ குக்கர் புதிதாக வந்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். காலையில் கறி உருண்டை, காய், தக்காளி, பாஸ்தா, கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீர் விட்டு மூடி, சுவிட்சைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் வந்து திறந்தால் உருண்டை சாம்பல் நிறத்தில் மிதக்கும். பாஸ்தா கூழாகியிருக்கும். கீரை போன இடம் தெரியாது. சூப்பில் உப்பு இருக்கும், ருசி இருக்காது. இரண்டு தடவை இப்படி ஆனதும் கருவி பரணுக்குப் போய்விடும்.

கருவியின் மேல் தவறில்லை. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, பல மணி நேரம், அலுங்காமல் வைத்திருப்பது. சிவக்க வறுக்க அதற்குத் தெரியாது. தண்ணீரை வற்ற வைக்கவும் தெரியாது. அந்த இரண்டு வேலைகளையும் அடுப்பில் முடித்து அதன் கையில் கொடுக்க வேண்டும். நீண்ட சூட்டைத் தாங்காத பொருள்களைக் கடைசி அரை மணியில் சேர்க்க வேண்டும். எது முதலில் போகிறது, எது கடைசியில் போகிறது என்கிற வரிசைதான் இந்த சூப்பின் சமையல் முறை. அளவுகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் சூப் பிழைத்துக்கொள்ளும். வரிசை தவறினால் பிழைக்காது.

எங்கிருந்து வந்த சூப்

இத்தாலியில் கறி உருண்டைக்குப் பெயர் போல்பெத்தே. அமெரிக்க உணவகங்களில் பார்ப்பதுபோல ஸ்பகெட்டி மேல் பெரிய உருண்டைகளை அடுக்கிச் சாப்பிடுவது அங்கே பொது வழக்கமில்லை. உருண்டையைத் தனியாகவோ தக்காளிச் சாறில் போட்டோ உண்பார்கள். பெல்லெக்ரினோ அர்தூசி 1891-இல் வெளியிட்ட புகழ்பெற்ற இத்தாலியச் சமையல் நூலிலும் போல்பெத்தே உண்டு. மிஞ்சிய வெந்த கறியை வீணாக்காமல் உருண்டை பிடிக்கும் வீட்டு வழக்கம் அது.

நம்முடைய சூப்புக்கு நெருங்கிய மூதாதைகள் தெற்கிலும் நடு இத்தாலியிலும் இருக்கின்றன. நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வைக்கும் மினெஸ்த்ரா மரித்தாத்தா, பன்றிக் கறித் துண்டுகளும் கசப்புக் கீரைகளும் ஒரே பானையில் நெடுநேரம் வேகும் சூப். அப்ருத்ஸோ பகுதியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு, கார்தோன் என்ற தண்டுக் காயோடு சின்னஞ்சிறு கறி உருண்டைகளைக் கோழிச் சாறில் போட்டுத் தருவார்கள். அதே பகுதியின் தெராமோ நகரத்தார் பாஸ்தாவுக்கு உருட்டும் உருண்டை கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறிதாக உருட்டப் பொறுமை வேண்டும். ஆனால் ஒவ்வொரு கரண்டியிலும் நாலைந்து உருண்டை வரும்போது அந்தப் பொறுமைக்குப் பலன் தெரியும்.

1880-க்கும் 1924-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் தென்னித்தாலியின் ஏழை விவசாயக் குடும்பத்தினர். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கண்ட கறி அங்கே வாரக்கூலிக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. உருண்டை பெருத்தது, சூப் கெட்டியானது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இன்றும் கல்யாண வீடுகளில் சிறு உருண்டையும் கீரையும் போட்ட சூப் உண்டு. தக்காளி, வெள்ளை பீன்ஸ், குட்டி பாஸ்தா எல்லாம் சேர்ந்த கனமான சூப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு கிண்ணம் குடித்தால் வேறு சாப்பாடு தேவைப்படாது. இந்த அத்தியாயத்தில் நாம் வைக்கப்போவது அதைத்தான்.

கருவியும் அமெரிக்காவில் பிறந்ததுதான். சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் இதற்கான காப்புரிமையை 1940-இல் பெற்றார். லித்துவேனியாவில் வளர்ந்த அவருடைய தாய், யூதர்கள் சப்பாத் நாளுக்காக இரவு முழுவதும் பேக்கரி அடுப்பில் வேகவிடும் சோலன்ட் என்ற பயறும் கறியும் கலந்த உணவைப் பற்றிச் சொன்ன நினைவுகள்தான் அவருக்குத் தூண்டுதல். முதலில் பீன்ஸ் வேகவைக்கும் பானையாகத்தான் அது விற்றது. ரைவல் நிறுவனம் உரிமையை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு வீட்டுக்கு வீடு போனது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நேப்பிள்ஸ் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ரகு என்ற கறிக் குழம்பு விடியற்காலை தொடங்கி மத்தியானம் வரை மெல்லிய தீயில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை யாரும் பக்கத்தில் நிற்காமல் தரக்கூடியது இந்தப் பானை.

பானையின் குணம்

லோ, ஹை என்ற இரண்டு நிலைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. லோ என்றால் குறைந்த சூட்டில் வேகும், ஹை என்றால் கொதிக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளில் இரண்டு நிலையும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றே, 95 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அங்கே போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. ஹையில் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஆகும் வேலை லோவில் ஆறு, ஏழு மணி நேரம் எடுக்கும். வார்ம் என்ற மூன்றாவது நிலை வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் எதையும் வேகவைக்கக் கூடாது.

சூடு மெல்ல ஏறுவதால் சுத்தத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பானை அந்தப் பகுதியைச் சீக்கிரம் தாண்டியாக வேண்டும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை உறைந்தபடியே போடக் கூடாது. உள்பானையை முந்தின இரவே நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் பொருத்தும் பழக்கமும் வேண்டாம். குளிர்ந்த மண்பானை சூடேற நெடுநேரம் எடுக்கும், விரிசலும் விழலாம். கறிச்சாறைச் சூடாக்கி ஊற்றுங்கள். அதற்கு முன் உள்பானையை வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்துப் பிறகு லோவுக்கு மாற்றுவது நல்லது.

பானை பாதிக்குக் குறையாமலும் முக்கால் பங்கைத் தாண்டாமலும் நிரம்ப வேண்டும். கீழே வரும் அளவுகள் ஐந்தரை அல்லது ஆறு லிட்டர் கருவிக்கு, ஆறு பேருக்கு. மூன்றரை லிட்டர் கருவி என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளலாம்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் வெளியேறும் சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கிளற வேண்டிய தேவையே இதில் இல்லை, அடிப்பிடிக்காது.

மின்சாரம் தடைப்படும் ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வீட்டில் இருக்கும்போது கரன்ட் போனால் உடனே எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடுங்கள். வெளியே போயிருந்து திரும்பும்போது கரன்ட் எப்போது போனது, எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தது என்று தெரியவில்லையா? சூப் பார்க்க நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் அரை வேக்காட்டுக் கொத்துக்கறியில் துணிச்சல் காட்டக் கூடாது.

உருண்டை

இத்தாலிய–அமெரிக்க வீடுகளில் மாட்டுக் கறியும் பன்றிக் கறியும் சரிபாதி கலப்பார்கள். மாட்டுக் கறி ருசி தரும், பன்றிக் கொழுப்பு மிருதுவாக்கும். இரண்டும் சாப்பிடாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம். ஆடு மேய்க்கும் மலைநாடான அப்ருத்ஸோவில் ஆட்டுக் கறி புதியதல்ல, அதனால் சூப்பின் குணம் கெடாது. கோழி என்றால் நெஞ்சுக்கறியைத் தவிர்த்துத் தொடைக்கறியைக் கொத்தி வாங்குங்கள். நெஞ்சுக்கறி உருண்டை மணிக்கணக்கான சூட்டில் சக்கையாகிவிடும். எந்தக் கறியானாலும் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். கொழுப்பே இல்லாத கொத்துக்கறியை இந்த சூப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

500 கிராம் கொத்துக்கறிக்கு ஓரம் நீக்கிய பழைய பிரெட் 60 கிராம், பால் 90 மில்லி, முட்டை ஒன்று, துருவிய பார்மெசான் சீஸ் 40 கிராம், இரண்டு பல் பூண்டு, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத்தூள், கொஞ்சம் துருவிய ஜாதிக்காய். விருப்பமிருந்தால் அரை டீஸ்பூன் சோம்பை ஒன்றிரண்டாக இடித்துச் சேர்க்கலாம். தென்னித்தாலியின் பன்றிக்கறி சாசேஜ்களில் சோம்பு வாசனை அடிக்கடி வரும், அதனால் இது நாமாக நுழைத்த சரக்கில்லை. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கொத்தமல்லித் தழை பார்வைக்கு அதைப்போல இருந்தாலும் அதன் வாசனை சூப்பை வேறு தேசத்துக்கு இழுத்துப் போய்விடும்.

பிரெட்டைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, பத்து நிமிடம் கழித்து முள்கரண்டியால் மசித்தால் களி மாதிரி வரும். மிருதுவான உருண்டைக்கு ஆதாரம் இந்தக் களிதான். கறி சூடாகும்போது அதிலுள்ள புரதம் சுருங்கி ஒன்றோடொன்று இறுகப் பார்க்கும், இறுக இறுகச் சாறு வெளியேறும். பாலில் ஊறிய பிரெட் இடையில் புகுந்து அந்த இறுக்கத்தைத் தடுக்கிறது, தானும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்லோ குக்கரில் உருண்டை மணிக்கணக்கில் இருக்கப்போவதால் இது இல்லாமல் ஆகாது. காய்ந்த பிரெட் தூளை அப்படியே தூவினால் அது கறியின் ஈரத்தைக் குடித்துவிடும்.

பிரெட் களியில் முட்டை, சீஸ், பூண்டு, பார்ஸ்லி, உப்பு, மசாலாவைக் கலந்த பிறகே கறியைப் போடுங்கள். விரல் நுனிகளால் கலந்து, எல்லாம் சேர்ந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கோலா உருண்டை செய்து பழகிய கைக்கு இங்கே கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். அதற்குக் கறியை மையாக அரைத்து, பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் பொரிக்கிறோம். இதற்கு அரைக்கவும் கூடாது, பிசையவும் கூடாது. உப்புப் பட்ட கறியை அழுத்திப் பிசைந்தால் ஒட்டும் புரதம் வெளிவந்து, உருண்டை ரப்பர்போலத் துள்ளும்.

கலவையை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் உருட்டச் சுலபம். கையை நனைத்துக்கொண்டு சிறு நெல்லிக்காய் அளவுக்கு, ஒன்று 15 கிராம் வரும்படி உருட்டுங்கள். சுமார் 50 உருண்டை வரும். இதைவிடப் பெரிதாக்க வேண்டாம். கரண்டியில் ஒரு உருண்டையும் கொஞ்சம் சாறும் சேர்ந்து வர வேண்டும். உருண்டையை வெட்டிச் சாப்பிடுகிற சூப் இல்லை இது.

சிவக்க வைப்பது

உருட்டிய உருண்டையைப் பச்சையாகவே பானையில் போடச் சொல்லும் குறிப்புகள் உண்டு. பாதுகாப்பாக வெந்துவிடும் என்பது உண்மை. ஆனால் கறி சிவக்கும்போது பிறக்கும் வாசனைக்குச் சுமார் 140 டிகிரிக்கு மேல் சூடு தேவை. தண்ணீருக்குள் இருக்கும் எதுவும் 100 டிகிரியைத் தாண்டாது. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த வாசனை பானைக்குள் பிறக்காது. மொத்தச் சமையலில் இந்தப் பதினைந்து நிமிடத்தை மட்டும் யாரும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓவன் இருந்தால் 220 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் ஒரே சீராகச் சிவக்கும். இல்லாவிட்டால் கனமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில், நான்கு தவணையாகப் போட்டு எடுங்கள். நெருக்கினால் நீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கம் நன்றாகச் சிவந்தால் போதும். உள்ளே வேகாமல் மேலே மட்டும் சிவந்த உருண்டையை எடுத்து வைத்து நாளைக்குப் பயன்படுத்துவது ஆபத்து. சிவந்த கையோடு சூப்பில் போய்ச் சேர வேண்டும்.

உருண்டையை எடுத்த வாணலியைக் கழுவாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புப் பொருக்கு முழுக்க ருசி. அதிலேயே மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி மூன்றையும் கடுகளவு பொடியாக இல்லாமல், அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். இதுதான் சோஃப்ரித்தோ, இத்தாலிய சூப்புகளில் மிகப் பலவற்றின் அடித்தளம். நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், வெங்காயம் கண்ணாடி நிறமாகி இனிப்பு வாசனை வரும்வரை வதக்குங்கள். நன்றாக வதக்க இன்னொரு காரணமும் உண்டு. தக்காளிப் புளிப்பு பட்ட பச்சைக் கேரட் ஆறு மணி நேரம் கழித்தும் கடக்கென்று இருக்கும்.

நான்கு பல் பூண்டை நறுக்கிப் போட்டு வாசனை வந்ததும் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்டைச் சேர்த்து, அதன் சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறும்வரை இரண்டு நிமிடம் கிளறுங்கள். ஒயின் சேர்க்கும் வழக்கமுள்ளவர்கள் 100 மில்லி வெள்ளை ஒயினை இந்த இடத்தில் ஊற்றி முழுக்க வற்றவிட வேண்டும். நேரே ஸ்லோ குக்கரில் ஊற்றினால் மூடிக்குள் ஆவி அடைபட்டுச் சாராய நெடி தங்கிவிடும். கடைசியாக ஒரு கப் கறிச்சாறு ஊற்றி, மரக்கரண்டியால் அடிப்பொருக்கைச் சுரண்டிக் கரைத்து, அப்படியே பானைக்கு மாற்றுங்கள்.

பானைக்குள்

இனி கருவி தன் வேலையைப் பார்க்கும். வதக்கியதன் மேல் 400 கிராம் டப்பா முழுத் தக்காளியைக் கையால் நசுக்கி விடுங்கள். கம்பானியா மாநிலத்தின் சான் மர்ட்ஸானோ வகைக்குப் பேர் பெரிது, ஆனால் புளிப்பும் இனிப்பும் சமமாக இருக்கும் எந்த நல்ல டப்பாத் தக்காளியும் போதும். சூடான கோழி அல்லது ஆட்டெலும்புச் சாறு மொத்தம் ஒன்றேகால் லிட்டர். அடுப்பில் வைக்கும் சூப்புக்குப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றும். மூடிய பானையில் ஆவி வெளியேறாது, காயும் கறியும் நீர் விடும், அதனால் கூட்ட வேண்டாம். கடையில் வாங்கிய சூப் கட்டியைக் கரைப்பதானால் பாக்கெட் சொல்லும் அளவில் பாதி போதும்.

பார்மெசான் சீஸைத் துருவித் தீர்த்த பின் மிஞ்சும் தடித்த ஓட்டைத் தூக்கி எறியாமல் ஃப்ரீசரில் சேர்த்து வையுங்கள். இத்தாலிய வீடுகளில் அதை மினெஸ்த்ரோனே என்ற காய்கறி சூப்பில் போடுவார்கள். பார்மா, ரெஜியோ எமிலியா, மோதெனா ஆகிய மாவட்டங்களையும் மாந்துவா, போலோஞா மாவட்டங்களின் சில பகுதிகளையும் உள்ளடக்கிய எல்லைக்குள் செய்து, குறைந்தது 12 மாதம் பதப்படுத்தினால்தான் அதற்குப் பார்மிஜானோ ரெஜியானோ என்ற அசல் பெயர் கிடைக்கும். அதன் ஓட்டில் மெழுகு கிடையாது, சீஸே காய்ந்து இறுகியதுதான். மேல்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி, தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றைப் போட்டால், ஆறு மணி நேரத்தில் அதிலுள்ள குளுட்டமேட் மெல்லக் கரைந்து சூப்புக்கு ஓர் ஆழம் கொடுக்கும். ஸ்லோ குக்கரின் நீண்ட நேரத்தை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் பொருள் வேறில்லை என்பது என் எண்ணம். பார்மிஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் கொண்டு செய்வதால், மாட்டை முற்றிலும் விலக்குபவர்கள் தாவர உறைபொருளில் செய்த கெட்டிச் சீஸாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு சிறு ரோஸ்மேரிக் கிளை, ஒரு லாரல் இலை. நம் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலை வேறு மரத்து இலை. பட்டைக் குடும்பம். பிரியாணி வாசனை ஏறிவிடும் என்பதால் லாரல் இல்லையென்றால் எதுவும் போடாமல் விடுவதே மேல். விதையோடு இடித்த மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன் போடலாம். கலாப்ரியா மக்கள் காரப் பிரியர்கள், ஆட்சேபிக்க மாட்டார்கள். உப்பை மட்டும் இப்போது போடாதீர்கள். சாறு, சீஸ் ஓடு, டப்பா பீன்ஸ், உருண்டை எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது.

உருண்டை எப்போது உள்ளே போக வேண்டும்? பெருந்துண்டு எலும்புக் கறிக்கு எட்டு மணி நேரம் தேவை, அதன் நார் கரைந்தாக வேண்டும். கொத்துக்கறியில் அந்த நாரை இயந்திரமே அறுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் உருண்டை வெந்துவிடும். அதற்கு மேல் இருக்கும் நேரமெல்லாம் தன் ருசியைச் சாறுக்குக் கொடுக்கவும் சாறைத் தான் குடிக்கவும்தான். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: காயும் சாறும் ஹையில் இரண்டு மணி நேரம் ஓடட்டும். அது முடியும் சமயத்தில் உருண்டையைச் சிவக்க வைத்துச் சுடச்சுடச் சேர்த்து, லோவுக்கு மாற்றி மூன்று மணி நேரம். இப்படிச் செய்வதானால் ஓவன் வசதி. வாணலியை முதலிலேயே வதக்கலுக்குப் பயன்படுத்தலாம். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் காலையிலேயே போட்டு லோவில் ஆறு மணி நேரம் வைக்கலாம். ஏழுக்கு மேல் போக வேண்டாம். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு மாறும் கருவி என்றால் கவலையில்லை. கடைசியில் உணவு வெப்பமானியை ஓர் உருண்டையின் நடுவில் செருகிப் பார்த்தால் ஆடு, மாடு, பன்றிக்கு 71 டிகிரியும் கோழிக்கு 74 டிகிரியும் இருக்க வேண்டும்.

பீன்ஸ்: ஓர் எச்சரிக்கை

வெள்ளைக் கன்னெல்லினி பீன்ஸ் இந்த சூப்புக்குக் கெட்டித்தன்மை தரும். டப்பாவில் வந்தால் வடித்து அலசி, கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் முடிந்தது. காய்ந்த பீன்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் நேரே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவிலும், அதே இனத்தைச் சேர்ந்த கன்னெல்லினியில் ஓரளவும், லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. முழுக் கொதிநிலையில்தான் அது அழியும். கொதிக்காமல் 80 டிகிரியில் வெந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட அதிக நச்சுடையதாக இருக்கலாம். சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நாலைந்து கொட்டையே அதற்குப் போதுமானது. இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் மெத்தென்று வேகவைத்துவிட்டுச் சேருங்கள். தக்காளிப் புளிப்பில் காய்ந்த பீன்ஸ் சரியாக வேகாது என்பதாலும் இந்த வழிதான் நல்லது. வெந்ததில் இரண்டு கரண்டியை மசித்துக் கலந்தால் சாறு திரண்டு வரும்.

கடைசி அரை மணி

கீரையில் எஸ்கரோல் கிடைத்தால் பாக்கியம், அதன் இலேசான கசப்பு கறிக் கொழுப்பை வெட்டும். கேல் என்றால் நடு நரம்பை உரித்து நறுக்கி அரை மணி முன்னால் போட வேண்டும். பாலக் கீரைக்கு ஐந்து நிமிடமே போதும். இருநூறு கிராம் பார்வைக்கு மலைபோலத் தெரியும், மூடி திறந்து பார்க்கும்போது பானையில் அடங்கியிருக்கும்.

பாஸ்தாவில் தித்தலினி, ஓர்ஸோ, ஆச்சினி தி பெபே மாதிரி கரண்டிக்கு அடங்கும் குட்டி வகைகள்தான் பொருத்தம். அதைப் பானைக்குள் வேகவிட வேண்டாம் என்பேன். உப்புப் போட்ட கொதிநீரில் தனியே வேகவைத்து, பாக்கெட்டில் எழுதிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, ஒரு டீஸ்பூன் ஆலிவ் எண்ணெய் பிசறி வைத்துக்கொண்டு, பரிமாறும்போது கிண்ணத்தில் கொஞ்சம் போட்டு மேலே சூப்பை ஊற்றுங்கள். பானையில் போட்டால் சாறைக் குடித்து ஊதிக்கொண்டே போகும். மறுநாள் சூப் இருக்காது, பாஸ்தாதான் இருக்கும். ஆறு பேருக்கு 150 கிராம் போதும்.

ரோஸ்மேரிக் காம்பையும் லாரல் இலையையும் சீஸ் ஓட்டின் மிச்சத்தையும் எடுத்துவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஓரளவு நீக்குங்கள். முழுக்க நீக்கிவிடாதீர்கள். இப்போது உப்புப் பாருங்கள். மணிக்கணக்கில் மூடிக்கிடந்த சூப் பெரும்பாலும் உப்புக்கு முன் புளிப்பைக் கேட்கும். ஒரு டீஸ்பூன் சிவப்பு ஒயின் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு மறுபடி ருசித்தால் மங்கிய ருசியெல்லாம் எழுந்து நிற்பது தெரியும்.

கிண்ணத்தில் ஊற்றிய பின் பச்சை ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று, துருவிய பார்மெசான் அல்லது செம்மறி ஆட்டுப்பாலில் செய்யும் காரமான பெக்கோரினோ ரொமானோ, கிள்ளிய துளசி போன்ற பசில் இலை. பக்கத்தில் தடித்த பிரெட் துண்டுகளை வாட்டி, சூட்டோடு பச்சைப் பூண்டைத் தேய்த்து வையுங்கள். தோஸ்கானா மாநிலத்தில் பிரெட்டில் உப்பே சேர்க்க மாட்டார்கள். இந்த மாதிரி உப்பும் சீஸும் ஏறிய சூப்போடு சாப்பிடும்போது அது எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

மிஞ்சினால்

இரண்டு மணி நேரத்துக்குள் உள்பானையிலிருந்து அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தடித்த உள்பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே நள்ளிரவாகும். மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் ருசி இன்னும் சேர்ந்திருக்கும், சாறும் கோழியெலும்பு நல்லதாக இருந்தால் இலேசாக உறைந்திருக்கும். பாஸ்தா சேராத சூப்பை இரண்டு மூன்று மாதம் ஃப்ரீசரில் வைக்கலாம். கீரையும் இல்லாமல் வைத்தால் இன்னும் நல்லது, உருக்கிய பின் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தாதீர்கள். அடுப்பில் நன்றாகக் கொதிவரும்வரை சூடாக்கி, பாஸ்தாவை அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் புதிதாக வேகவைத்துக்கொள்ளுங்கள்.